தொழில் என்ற இடத்தில்

புதுக்குடியிருப்பு அச்சகத்தில்
கல்வெட்டுக்கு விபரம் கேட்கிறான் பெடியன்.
"அம்மாவின்ர பேர்?"
நகுலேஸ்வரி என்றேன்.
தட்டிவிட்டு, நிமிராமலே,
"மற்றப் பேரும் போடுறதோ?"

மற்றப் பேர்.
எங்கள் கலியாணத்துக்கு முன்னமே அதை
நீ கழற்றி வைத்தாயிற்று.
காய்ச்சல் இரவுகளில் மட்டும்
ஆரோ அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்போல;
"ஓம், வாறன்" என்று நித்திரையில் எழும்பி
இல்லாத காலை ஊன்றி விழுவாய்.
வேண்டாம் தம்பி, என்றேன்.

பிறப்பு, முத்தையன்கட்டு.
படிப்பு, பத்தாம் வகுப்பு.
"தொழில்?"
தாதி என்று வந்துவிட்டது வாயில்.
"எந்த ஆஸ்பத்திரி ஐயா?"

கூரை இல்லாதது.
ஒரு கிழமை புளியமரத்தின் கீழ்,
ஒரு கிழமை பள்ளிக்கூட மேசையில்,
கடைசியில் மணலில் வெட்டிய கிடங்கில்.
இதொன்றையும் நான் அவனுக்குச் சொல்லவில்லை.
நீ எனக்கே சொன்னதில்லை.
புடவைக் கடையில் ஒரு சேலையை விரலால் தடவி
"இது இரத்தம் உறிஞ்சாது" என்பாய்,
பிறகு விலை கேட்பாய்.

பம்பைமடுவில் இருந்து நீ வந்த வருசம்
பெண் கேட்டு வந்தேன்.
"எனக்கு ஒரு கால்தான்" என்றாய்,
நான் காணாததுபோல.
உழவு மெசின் திருத்துகிறவன் நான்.
"எனக்கும் ஒரு ஸ்பானர் செட்தான்" என்றேன்.
சிரித்தாய்.
வேறு பொருத்தம் பார்க்கவில்லை.

வைகாசித் திங்கள், வற்றாப்பளை.
வாசலில் செருப்பைக் கழற்றினாய்.
கொஞ்சம் யோசித்து
காலையும் கழற்றினாய்.
ஆயிரம் சோடிச் செருப்புகளுக்கு நடுவே
அது தனியே நின்றது,
காவலுக்கு விட்டதுபோல.
மகளின் தோளைப் பிடித்துக் கெந்திக் கெந்தி
கடல்நீரில் எரியும் விளக்கடிக்குப் போனாய்.
என்ன கேட்டனீ, என்றேன் வரும்வழியில்.
"கேட்கப் போகேல்ல. கணக்குச் சொல்லப் போனனான்."
என்ன கணக்கென்று
நான் கேட்கவில்லை. மகள் கச்சான் கேட்டாள்.

விடிய அஞ்சுக்குச் சம்பல் இடித்து
தர்மிகாவின் பாணைப் பொட்டலம் கட்டிவிட்டு
கத்தரிக்கோலை அவிப்பாய்.
பிறகு சைக்கிள்.
இடதுகரை, வலதுகரை,
வாய்க்கால் முடிகிற கடைசிக் குடில்வரை
சீனி வருத்தக்காரரின் பாதங்கள் உன் மடியில்.
சின்னவிரல் கறுத்தால்கூட
அவர்களை ஏசுவாய், எங்கள் பிள்ளையை ஏசாத ஏச்சு.
"பிளேன்ரீக்குச் சீனி போட்டால் இனி வரமாட்டன்."
காசு நீட்டினால் கோபம்.
முருங்கைக்காய் என்றால் வாங்குவாய்.

காடாத்தன்று
பால் தெளித்த சாம்பலில் எலும்பு பொறுக்கையில்
விரலில் தட்டுப்பட்டது, நெல்லளவு இரும்பு.
எனக்கு இரும்பு தெரியும்.
ஒரு நட்டைத் தொட்டே எந்த வண்டியென்று சொல்வேன்.
இதை எனக்குத் தெரியவில்லை.
பதினொரு வருசம் உன் முதுகை அணைத்துப் படுத்த கைக்கும்
தெரிந்திருக்கவில்லை.
மற்றதெல்லாம் கடலில் கரைத்தேன்.
இது சேர்ட் பொக்கற்றில், இப்போதும்.

"ஐயா, தொழில்?"
கோடு மட்டும் போட்டுவிடு, தம்பி.
"எவ்வளவு நீளம்?"
பொல்லாத கேள்வி.
அவன் பாவம், பக்கம் ஒதுக்கக் கேட்கிறான்.

வீட்டுக்கு வர,
படியில் நாகமணியர், வலக்காலை நீட்டியபடி.
செத்தவீட்டில் பந்தல் கட்டினவர், தெரியாதவர் இல்லை.
"செவ்வாய்க்கிழமை எல்லே," என்றார்,
"கால் தன்ரபாட்டில வந்திட்டுது."

கை கழுவினேன். கிறீஸ் நகத்துக்குள் கிடந்தது,
இன்னொருக்கால் கழுவினேன்.
உன் கத்தரிக்கோலை அவித்தேன்.
புண்ணைப் பார்த்தேன். ஆறிக்கொண்டுதான் வருகிறது,
உன் வேலை.
சுற்றிக் கட்டி முடிச்சுப் போட,
காலை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"பிள்ளை இதைவிட இறுக்கிக் கட்டும்."

அவிழ்த்தேன்.
முதலில் இருந்து.